எழில் நகர் காலி மனையில் பறித்த மணத்தக்காளி: குழந்தைக்குக் கொடுக்கலாமா?

எழில்நகர் அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். கொடுங்கையூர் எழில் நகரில் இருக்கிறோம். மகளுக்கு ஆறு வயது. இரண்டு மாதமாக அவளுக்கு வாய்ப்புண் வருவதும் போவதுமாக இருக்கிறது. என் மாமியாருக்குச் செய்யாறு பக்கம் கிராமம், பேத்தியைப் பார்க்க வந்திருக்கிறார். “மணத்தக்காளி இருக்கும்போது மருந்து எதுக்கு?” என்று சொல்லி, எங்கள் தெருக்கோடியில் இருக்கும் காலி மனையில் கீரை பறித்து வந்து பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைத்தார். இரண்டு வாரத்தில் நாலைந்து தடவை வைத்திருப்பார். குழந்தையும் நெய் விட்டு விரும்பிச் சாப்பிட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை பாட்டியோடு அந்த மனைக்குப் போனவள், பாட்டி கீரை கிள்ளுகிற நேரத்தில் கை நிறையப் பறித்துத் தின்றிருக்கிறாள். பழுத்தது, காய் எல்லாம் கலந்து. சாயங்காலம் வயிறு வலிக்குது என்றாள். ராத்திரி இரண்டு தடவை வாந்தி. பக்கத்துத் தெரு டாக்டரிடம் காட்டினோம். ஓஆர்எஸ் கொடுக்கச் சொன்னார். திங்கட்கிழமை மதியம் தயிர்சாதம் சாப்பிட்டாள், இப்போது ஓடி விளையாடுகிறாள்.

அன்று ராத்திரியே என் கணவர் மணத்தக்காளியின் ஆங்கிலப் பெயரைப் போட்டு போனில் தேடினார். நைட்ஷேட், கொடிய விஷம், சில பழம் தின்றாலே குழந்தை உயிர் போகும் என்று வந்தது. வீட்டில் ஒரே சத்தம். மாமியார் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. “என் மூணு பிள்ளைங்களையும் இதைக் கொடுத்துத்தான் வளர்த்தேன், நான் விஷம் வைப்பேனா?” என்று கேட்டு அழுதார். எனக்கு அவரையும் விட முடியவில்லை, பயத்தையும் விட முடியவில்லை.

இது விஷச்செடியா இல்லையா? மணத்தக்காளிதான் என்று எப்படி உறுதி செய்வது? பச்சைக் காய்தான் ஆகாது என்றால் வற்றல் பச்சைக் காயில்தானே போடுகிறார்கள்? மாமியார் அதே மனையில் பறித்த காயை மோரில் ஊறவைத்து மாடியில் காயப்போட்டிருக்கிறார். அதை என்ன செய்வது என்றும் சொல்லுங்கள்.

காசிமேடு கடலோரம்:

பயப்படாதீங்க சிஸ்டர். நாங்கள் எல்லாம் ரயில் பாதை ஓரத்தில் மணத்தக்காளி தின்று வளர்ந்தவர்கள்தான். எங்கள் ஆயா வாய்ப்புண் வந்தால் இலையை அப்படியே மெல்லச் சொல்லும். ஒன்றும் ஆகாது. நெட்டில் எதைப் போட்டாலும் பயமுறுத்தத்தான் செய்வார்கள்.

கொருக்குப்பேட்டை டீச்சர்:

அம்மா, முதலில் உங்கள் மாமியாரைச் சாப்பிட வையுங்கள். அவர் கொடுத்தது விஷமில்லை.

கடலோரம் தம்பி சொல்வதில் பாதிக்குத்தான் நான் தலையாட்டுவேன். மீதிப் பாதிக்கு ஏன் ஆட்டமாட்டேன் என்று கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் டாக்டர் இல்லை. வடசென்னைப் பள்ளி ஒன்றில் 27 வருஷம் தாவரவியல் எடுத்து ஓய்வுபெற்றவள். அதற்கும் முன்னால் கீரைக்காரி மகள். என் அம்மா வண்ணாரப்பேட்டை மார்க்கெட் வாசலில் கோணி விரித்துக் கீரை விற்றார். மாதவரம், மாத்தூர் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து விடியற்காலையில் கீரைக்கட்டு வந்து இறங்கும். மணத்தக்காளிக் கட்டைப் பிரித்தால் நடுவில் நாலைந்து கொத்துப் பழம் இருக்கும். அதை மட்டும் கிள்ளி, முந்தானையில் முடிந்து, பள்ளிக்கூடம் விட்டு வரும் எங்களுக்கு வைத்திருப்பார். அவருடைய கட்டைவிரல் நகத்தில் ஊதாக் கறை போனதே இல்லை.

அம்மா ஒரு பக்குவம் சொல்லிக்கொடுத்தார். கருத்த பழமாகவே இருந்தாலும் பிய்த்துத் தின்னக்கூடாது. கொத்துக்கு அடியில் உள்ளங்கையை வைத்து விரலால் லேசாகத் தட்டவேண்டும். தானாகக் கழன்று விழுவதுதான் பழம். காம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பது இன்னும் காய்தான். காலேஜுக்குப் போய்ப் படித்த பிறகுதான் அம்மாவின் அந்தத் தட்டலுக்குள் இருந்த விஷயம் எனக்குப் புரிந்தது.

உருளைக்கிழங்கு வெயில் பட்டுப் பச்சையானால் கசக்கும், தின்னாதே என்கிறோமே, அந்தக் கசப்புப் பொருளுக்கு சோலனைன் என்று பெயர். மணத்தக்காளி, கத்தரி, தக்காளி, உருளை, சுண்டை, தூதுவளை எல்லாம் ஒரே குடும்பம். காயைப் பூச்சியும் ஆடும் தின்றுவிடாமல் காக்க இந்தச் செடிகள் இப்படிப்பட்ட பொருளை வைத்துக்கொள்கின்றன. மணத்தக்காளியில் பச்சைக் காயில்தான் அது அதிகம். விதை முற்றிப் பழம் கருக்கும்போது வெகுவாகக் குறைந்துவிடும். அப்போது பறவை தின்று விதையைக் கொண்டுபோய்ப் போடவேண்டுமே, அதனால் இனிக்கிறது. உங்கள் பெண் காயையும் சேர்த்துக் கை நிறையத் தின்றாள், சில மணி நேரம் கழித்து வயிற்று வலியும் வாந்தியும் வந்தது. நீங்கள் சொல்லும் வரிசை அதற்குச் சரியாகப் பொருந்துகிறது. கூட்டின் மேல் பழி போடாதீர்கள்.

இனி உங்கள் கணவர் தேடியதைப் பற்றி. அவரையும் குறை சொல்லமாட்டேன், பெற்ற மனசு. ஆங்கிலத்தில் நைட்ஷேட் என்பது ஒரு செடியின் பெயர் இல்லை, பல செடிகளுக்குப் பொதுவாக ஒட்டிக்கொண்ட பெயர். அவர் பார்த்த கொடிய நைட்ஷேட், பெல்லடோனா என்ற செடியாகத்தான் இருக்கும். முதுகுவலிக்கு ஒட்டுகிற பெல்லடோனா பிளாஸ்திரி ஞாபகம் இருக்கிறதா? அந்தச் செடிதான். ஐரோப்பாவின் குளிர் காடுகளில் வளர்வது. அதன் நெருங்கிய உறவு காஷ்மீர், இமாசல மலைகளில் உண்டு. கொடுங்கையூர் வெயிலில் அது முளைக்காது.

மணத்தக்காளியை இப்படிப் பாருங்கள். செடி முழங்கால் உயரத்திலிருந்து இடுப்பு உயரம் வரை இருக்கும், முள் கிடையாது. பூ சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. ஐந்து வெள்ளை இதழ், நடுவில் மஞ்சளாக ஒரு மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். மிளகாய்ப் பூவைப் பார்த்திருப்பீர்களே, கிட்டத்தட்ட அந்தச் சாயல். பழம் எப்போதும் கொத்தாகத்தான் இருக்கும். ஒரே காம்பின் நுனியிலிருந்து நாலு, ஐந்து, ஆறு எனக் குடைக்கம்பி மாதிரி பிரிந்து தொங்கும். ஒவ்வொன்றும் மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு. (தெற்கே சில ஊர்களில் இதை மிளகுதக்காளி என்றே சொல்வார்கள். தெலுங்கு பேசுகிற நம் பக்கத்து வீட்டுக்காரர்கள் காமஞ்சி என்பார்கள்.) பழுத்தால் பளபளவென்று கருப்பாகும். சில செடியில் ஆரஞ்சுச் சிவப்பாகப் பழுக்கும், அதுவும் மணத்தக்காளி வகைதான். பெல்லடோனாவின் பழம் ஒவ்வொன்றாகத் தனியே, இதைவிடப் பெரிசாக, விரிந்த ஐந்து பச்சை இதழ்மேல் உட்கார்ந்திருக்கும். பூ மணி மாதிரி, மங்கிய ஊதா நிறம். இரண்டையும் ஒருதரம் பார்த்தவர்கள் பிறகு மாற்றிச் சொல்லமாட்டார்கள்.

நம் பக்கத்தில் நான் பயப்படுகிற செடிகள் வேறு. உண்ணிச்செடி வேலியோரம் எங்கும் இருக்கிறது. மஞ்சளும் ரோஸுமாகப் பூ, சொரசொரப்பான இலை, கசக்கினால் ஒரு நெடி. அதன் பழமும் கருப்பாகக் கொத்தாக இருக்கும், பச்சைக் காய் ஆகாது. ஊமத்தைக்காய் முள் உருண்டை, உள்ளே இருக்கும் விதை மிகவும் கெட்டது. வாய் வறண்டு, கண்மணி விரிந்து, குழந்தை பிதற்ற ஆரம்பிக்கும். குன்றிமணி சிவப்பும் கருப்புமாக அழகாக இருக்கிறது என்று கோத்து விளையாடுவார்கள். முழுதாக விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும், கடித்து மென்றால் உயிருக்கே ஆபத்து. எங்கள் பள்ளி மைதானச் சுவரோரம் இந்த மூன்றும் இருந்தன. ஒவ்வொரு ஜூன் மாதமும் ஆறாம் வகுப்புக்கு முதல் பாடமாக அவற்றைக் கிளையோடு ஒடித்து மேசையில் பரப்பி, பக்கத்தில் மணத்தக்காளியையும் சொடக்குத் தக்காளியையும் வைத்துக் காட்டுவேன். சொடக்குத் தக்காளியை நெற்றியில் அடித்து உடைப்பதற்குப் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள்.

கை வலிக்கிறது. நீங்கள் கேட்காத ஒரு விஷயம்தான் இதில் பெரிசு. சாப்பிட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.

எழில்நகர் அம்மா:

டீச்சர், உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. நீங்கள் எழுதியதை மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். பழத்தைத் தட்டி எடுப்பது பற்றி வந்ததும் “ஆமா, எங்க ஊர்லயும் அப்படித்தான்” என்றார். இப்போதுதான் அந்த மனைக்குப் போய்ப் பார்த்து வந்தேன். வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள் மூக்கு, குடைக்கம்பி மாதிரி கொத்து, எல்லாம் நீங்கள் சொன்னபடியே இருக்கிறது. அப்படியானால் பழத்தை மட்டும் பார்த்துக் கொடுத்தால் போதுமா? கீரையைத் தொடர்ந்து வைக்கலாமா?

கொருக்குப்பேட்டை டீச்சர்:

செடி சரிதான் அம்மா. அது நிற்கிற மண்தான் எனக்குச் சரிப்படவில்லை.

எழில் நகர் எனக்கு நன்றாகத் தெரியும். உங்கள் பின்னால் இருக்கும் குப்பைக்கிடங்கு 300 ஏக்கருக்கு மேல். பல பத்து வருஷமாகச் சென்னைக் குப்பையில் ஒரு பெரும்பங்கு அங்கேதான் கொட்டப்படுகிறது. பேட்டரி, பெயின்ட் டப்பா, டியூப் லைட், ஒயர் எல்லாம் அதில் சேர்த்தி. தீப்பிடித்தால் நாள் கணக்கில் புகையும், அந்தச் சாம்பல் எங்கே படியும் என்று சொல்லவேண்டியதில்லை. காலி மனைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளமான மனையை எந்த மண்ணைக் கொட்டி மேடாக்கினார்கள் என்று வீடு கட்டுபவருக்கே தெரியாது. கட்டட இடிபாடும் இருக்கலாம், பழைய குப்பையும் இருக்கலாம்.

இதை எல்லாக் கீரைக்கும் சொல்லலாமே என்பீர்கள். மணத்தக்காளிக்கு இரண்டு மடங்கு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. காட்மியம் என்று ஓர் உலோகம், பழைய பேட்டரியிலும் சில சாயங்களிலும் இருப்பது. அது உடம்பில் சேர்ந்தால் சிறுநீரகத்தில் போய்த் தங்கி, பல வருஷம் வெளியே வராது. 2000-க்குப் பிறகான சில ஆண்டுகளில் சீன ஆராய்ச்சியாளர்கள் மாசுபட்ட நிலத்தில் தானாக முளைக்கும் களைகளை வரிசையாகச் சோதித்தபோது, மண்ணிலிருக்கும் காட்மியத்தை உறிஞ்சித் தண்டிலும் இலையிலும் சேர்த்து வைப்பதில் ஒரு செடி தனியாகத் தெரிந்தது. சொலானம் நைக்ரம், நம் புத்தகங்களில் மணத்தக்காளிக்கு எழுதுகிற அதே பெயர். கெட்டுப்போன நிலத்தைச் சுத்தம் செய்ய இதை நட்டுப் பிடுங்கி எடுத்துவிடலாமா என்றுகூட அங்கே ஆராய்ந்திருக்கிறார்கள். நம் தெருவோரம் அதிகம் முளைப்பது அதன் உடன்பிறப்பான சொலானம் அமெரிக்கானம். இரண்டையும் பிரித்துச் சொல்ல எங்களுக்கே லென்ஸ் வேண்டும், அதனால் ஒன்றுக்குச் சொன்ன எச்சரிக்கையை மற்றதற்கும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

நிலத்தைத் துடைக்கிற செடி அம்மா அது. துடைத்த துணியை நாம் சமைக்கக்கூடாது.

செய்யாற்றில் உங்கள் மாமியார் பறித்தது கிணற்று வாய்க்கால் ஓரமாகவோ கத்தரித் தோட்ட வரப்பாகவோ இருந்திருக்கும். அவருடைய வைத்தியம் தப்பே இல்லை. ஆனால் அந்த வைத்தியத்துக்கு அந்த வரப்பும் சேர்ந்துதான் கணக்கு. என் அம்மா விற்ற கீரை வந்த மாத்தூர்த் தோட்டங்களில் இன்று வீடுகளும் லாரிகளும் நிற்கின்றன. பக்கிங்காம் கால்வாய் கரை, மணலி ஆலைகளைச் சுற்றி இருக்கும் புறம்போக்கு, எண்ணூரில் அனல்மின் சாம்பல் படிந்த இடங்கள், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் எண்ணெய் மிதந்து வந்த கரையோரங்கள், ரயில் தண்டவாள ஓரம், இங்கெல்லாம் மணத்தக்காளி செழிப்பாகத்தான் இருக்கிறது. கரும்பச்சை இலையும் கொத்துப் பழமுமாகப் பார்க்கவே ஆசையாக இருக்கும். நான் பறிப்பதில்லை.

கிடைத்தால் கீரைக்காரரிடம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டு வாங்குங்கள். அதைவிட நல்லது வீட்டுத் தொட்டி.

இப்போது மாடியில் காய்கிற வற்றல். பச்சைக் காயில் வற்றல் போடுகிறார்களே என்று நீங்கள் கேட்டது சரியான கேள்வி. காயை லேசாக நசுக்கி, உப்புப் போட்ட மோரில் ராத்திரி ஊறவைத்து, பகலில் காயவைத்து, சாயங்காலம் மறுபடி அதே மோரில் போடுவோம். மோர் சுண்டும்வரை மூன்று நாலு நாள். மோர் விஷத்தை எடுத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அந்த மோரைக் கீழே கொட்டுவதில்லையே, காய்க்குள்தானே திரும்பப் போகிறது? எண்ணெயில் பொரிக்கும்போது சூட்டில் கொஞ்சம் குறையும், முழுதும் போகாது. வற்றல் நம்மை ஒன்றும் செய்யாததற்குக் காரணம் அளவு. வீடே சாப்பிடும் வத்தக்குழம்புக்கு ஒரு ஸ்பூன், இரண்டு ஸ்பூன். ஒரு கைப்பிடியை யாரும் அள்ளித் தின்பதில்லை. நல்ல மண்ணில் விளைந்த காயாக இருந்தால் அந்த அளவில் தாராளமாகச் சாப்பிடுங்கள், பெரியவர்களுக்கு நாக்கு ருசி திரும்ப அதைப்போல ஒன்று கிடையாது. இந்தத் தடவை போட்டது அந்த மனைக் காய் என்பதால் எடுத்துவிடுங்கள். மாமியாரிடம் எடுத்துச் சொல்லி, அவர் கையாலேயே எடுக்க விடுங்கள் அம்மா. அவருக்குத் தெரியாமல் கொட்டிவிடாதீர்கள்.

பெரம்பூர் பிரவுசிங்:

டீச்சர் ஒரு சந்தேகம். உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் கழுவி, வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டால் அந்த உலோகம் போய்விடாதா?

கொருக்குப்பேட்டை டீச்சர்:

இலைமேல் படிந்த தூசியும் அதிலுள்ள ஈயமும் கழுவினால் ஓரளவு போகும், அதனால் எந்தக் கீரையையும் மூன்று தண்ணீர் விட்டு அலசுங்கள். வேர் வழியாக உள்ளே ஏறியது வேறு விஷயம் தம்பி. சோலனைன் ஒரு கூட்டுப்பொருள், அதிகச் சூட்டில் உடையும். ஈயமும் காட்மியமும் தனிமம், அடுப்பில் உடைய அதில் ஒன்றும் இல்லை. வடித்த தண்ணீரில் கொஞ்சம் போகலாம், மீதி தட்டுக்குத்தான் வரும். குழந்தைகளுக்கு ஈயம் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் என்பதால் இதில் நான் பேரம் பேசமாட்டேன்.

திருவொற்றியூர் தேரடி:

என் அனுபவத்தையும் சொல்கிறேன். மணத்தக்காளி இலையைப் பச்சையாக இடித்துச் சாறு பிழிந்து வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் குடித்தால் மஞ்சள் காமாலை ஏழே நாளில் இறங்கும். மருந்தே தேவையில்லை. எங்கள் வீட்டில் மூன்று பேருக்குக் குணமாகியிருக்கிறது. குழந்தைக்கும் அரை டம்ளர் கொடுக்கலாம், வாய்ப்புண்ணும் போய்விடும்.

கொருக்குப்பேட்டை டீச்சர்:

அண்ணா, நீங்கள் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறீர்கள். ஆனால் குழந்தைக்குப் பச்சைச் சாறு வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

நான் பத்தாவது படிக்கும்போது என் தம்பிக்குக் காமாலை வந்தது. அடிபம்புத் தண்ணீரில் சாக்கடை கலந்த வருஷம், தெருவில் பாதிப் பேருக்கு இருந்தது. அம்மாவுக்குத் தெரிந்த வைத்தியம் கீரைதான். தினமும் காலையில் மணத்தக்காளியையும் கீழாநெல்லியையும் அம்மியில் அரைத்து, வெள்ளைத் துணியில் பிழிந்து, ஒரு டம்ளர் கொடுத்தார். அந்தத் துணி பச்சையாகி வாசல் கொடியில் தொங்கியது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. தெருவில் மற்றவர்களுக்கு இரண்டு வாரத்தில் தெளிந்தது. தம்பிக்குத் தெளியவில்லை. வாந்தி எடுத்ததைச் ‘சாறு பித்தத்தை வெளியே தள்ளுது’ என்று எடுத்துக்கொண்டோம். பன்னிரண்டாம் நாள் பகலெல்லாம் தூங்கினான், எழுப்பினால் என்னையே யார் என்று கேட்டான். ரிக்‌ஷாவில் போட்டு ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கல்லீரல் மோசமாகி மூளைவரை பாதித்துவிட்டது, இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் கஷ்டம் என்றார்கள். ஐந்து வாரம் வார்டில் இருந்து பிழைத்து வந்தான். அம்மா அதற்குப் பிறகும் இருபது வருஷம் கீரை விற்றார். காமாலைக்கு என்று யாராவது கேட்டு வந்தால் கட்டைக் கொடுத்துவிட்டு, “ரத்தம் டெஸ்ட் எடுத்தியா?” என்று கேட்காமல் அனுப்பமாட்டார்.

சாறுதான் தம்பியை அந்த நிலைக்குக் கொண்டுபோனது என்று நான் சொல்லவில்லை. சாறு கொடுத்துக்கொண்டு காத்திருந்தோமே, அந்த நாட்கள்தான். தண்ணீரால் வரும் காமாலை பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே சரியாகும். அதனால் அந்தச் சமயத்தில் எதைக் குடித்திருந்தாலும் அதற்குப் பெயர் வந்துவிடும். மணத்தக்காளிச் சாறு எலிகளின் கல்லீரலைக் காப்பாற்றியது என்று ஆய்வுகள் உண்டு. காமாலை வந்த குழந்தைக்கு இத்தனை டம்ளர் என்று அளவு சொல்ல அது போதாது. அரைத்த பச்சை இலையில், அதிலும் கொத்தோடு காயும் சேர்ந்து அரைபட்டால், சோலனைன் எவ்வளவு என்று யாராலும் சொல்லமுடியாது. சித்த மருந்தாகவே வேண்டும் என்றால் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை இருக்கிறது, அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவ முறை மருத்துவமனை இருக்கிறது. படித்த சித்த மருத்துவர் பார்த்து அளவு சொல்லட்டும். கர்ப்பிணிப் பெண்களும் சாறு, பொடி என்று தாமாக ஆரம்பிக்கவேண்டாம். சமைத்த கீரையைச் சாப்பாடாகச் சாப்பிடுவது வேறு.

எழில் நகர் அம்மா, வாய்ப்புண்ணுக்குக் கூட்டு வைக்கிறீர்கள், நல்லது. நல்ல மண்ணில் விளைந்த கீரையைத் தேங்காய்ப்பால் விட்டு வைத்தால் புண் இருக்கிற வாய்க்கு இன்னும் இதமாக இருக்கும், காரம் போடாதீர்கள். இரண்டு மாதமாக வந்து போகிறது என்று சொன்னீர்களே, அது எனக்கு உறுத்துகிறது. இரும்புச்சத்து, பி12 குறைந்தாலும் இப்படி வரும், பல்லின் கூர்மை உரசினாலும் வரும். ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துவிடுங்கள். அந்த மனைக் கீரை நாலைந்து தடவை உள்ளே போனதற்காகத் தூக்கம் கெடவேண்டாம், இந்த உலோகங்கள் மாதக்கணக்கில் சேர்ந்துதான் கெடுதல் செய்யும். டாக்டரிடம் சொல்லிவையுங்கள், வேண்டுமென்றால் ஈயத்துக்கும் ரத்தம் பார்க்கச் சொல்வார்.

இன்னொரு தடவை குழந்தை தெரியாத காயையோ பழத்தையோ தின்றுவிட்டால் உப்புக்கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாயைத் துடைத்துவிட்டு, அந்தச் செடியின் கிளையை இலை, காயோடு ஒடித்து எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பார்க்கிற டாக்டருக்கு அந்தக் கிளை பெரிய உதவி. குழந்தை துவண்டாலோ பிதற்றினாலோ 108. சும்மா சந்தேகம் கேட்க 104 இருக்கிறது.

மாடித்தோட்டம் மூலக்கடை:

தொட்டியில் வளர்க்க நான் சொல்கிறேன். மணத்தக்காளியைவிட சுலபமான கீரை கிடையாது. பத்து, பன்னிரண்டு அங்குல ஆழமுள்ள தொட்டி போதும், கீழே ஓட்டை இருக்கவேண்டும். தேங்காய்நார்க் கழிவு, மாட்டுச்சாண எரு, நல்ல செம்மண் சம அளவு. அந்தக் காலி மனை மண்ணை மட்டும் எடுத்து நிரப்பிவிடாதீர்கள், டீச்சர் சொன்ன அத்தனையும் தொட்டிக்குள் வந்துவிடும். பழைய பெயின்ட் டப்பாவும் வேண்டாம். விதை ஒன்றிரண்டு வாரத்தில் முளைக்கும். நாலு இலை விட்டதும் தொட்டிக்கு ஒன்றாகப் பிரித்து நடுங்கள். நுனியைக் கிள்ளக் கிள்ளப் பக்கத்தில் தழைக்கும். ஏப்ரல், மே வெயிலில் மட்டும் மதியம் நிழல் வேண்டும். மாவுப்பூச்சி வந்தால் வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து தெளிக்கலாம், தெளித்தால் ஒரு வாரம் பறிக்காதீர்கள்.

எழில்நகர் அம்மா:

எல்லோருக்கும் நன்றி. நேற்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். டீச்சர் மண்ணைப் பற்றி எழுதியதை மாமியாருக்கு வாசித்தேன். பேசாமல் கேட்டார். பிறகு என்னோடு மொட்டை மாடிக்கு வந்து, கைப்பிடிச் சுவரை விரலால் தேய்த்துப் பார்த்தார். காலையில்தான் கழுவி விட்டிருந்தேன், விரல் கருப்பாக வந்தது. “இந்த ஊரு காத்தே இப்படின்னா மண்ணு எப்படி இருக்கும்?” என்று சொல்லிவிட்டு, வற்றல் தட்டை அவரே எடுத்துக் கவிழ்த்தார். என் கணவர் அவரிடம் மன்னிப்புக் கேட்டார். ராத்திரி இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டார்கள்.

மகளுக்கு இன்று ரத்தம் எடுத்தோம், நாளை முடிவு வரும். மாமியாரின் தம்பி வெள்ளிக்கிழமை ஊரிலிருந்து வருகிறார், வரப்பிலிருந்து பழுத்த பழம் கொஞ்சம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். விதை எடுப்பது எப்படி என்று மட்டும் சொல்லுங்கள் டீச்சர்.

கொருக்குப்பேட்டை டீச்சர்:

மன்னிப்புக் கேட்டார் என்று படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல பிள்ளை.

தட்டினால் விழுகிற பழமாக ஒரு பத்து எடுத்துக்கொள்ளுங்கள். கிண்ணத்துத் தண்ணீரில் போட்டு விரலால் பிசைந்தால் தோலும் சதையும் மிதக்கும், நல்ல விதை அடியில் தங்கும். மேலே இருப்பதை வடித்துவிட்டு, இரண்டு தடவை அலசி, வடிகட்டி, பீங்கான் தட்டில் நிழலில் இரண்டு நாள் காயவிடுங்கள். காகிதத்தில் போட்டால் ஒட்டிக்கொண்டு வராது. விதை கடுகைவிடச் சின்னது, மின்விசிறிக்கு நேரே வைக்காதீர்கள். கொஞ்சம் மணலோடு கலந்து தூவி, மேலே மண்ணை லேசாகத் தூற்றினால் போதும், ஆழமாகப் புதைத்தால் முளைக்காது. பிசைகிற வேலையைப் பெண்ணிடம் கொடுங்கள், கறை ஒரு வாரம் போகாது, பழைய கவுன் போட்டுவிடுங்கள். ரத்தப் பரிசோதனை வந்ததும் இங்கே எழுதுங்கள், பார்த்துக்கொண்டிருப்பேன்.